பதிமூன்றாம் எண் கம்பி

வெண்கலம் என்றால் அந்த ஓட்டலில் தெரியாதவர்கள் கிடையாது. பாத்திரம் இல்லை, பாடகர். குரல் கணீரென்று இருக்கிறது என்று என்றைக்கோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட்டுப் போக, அதுவே பேராக ஒட்டிக்கொண்டது. அவர் பக்கத்தில் ஏழு வருஷமாக முதுகு சாய வழியில்லாத முக்காலியில் உட்கார்ந்து கிட்டார் வாசிக்கிறவள் அவர் மனைவி. அவளுக்குப் பட்டப்பேர் எதுவும் இல்லை. மேனேஜருக்கு அவள் அண்ணி, பரிமாறுகிறவர்களுக்கு அக்கா, வெண்கலத்துக்கு "இந்தாம்மா". பேர் வைக்கிற அளவுக்கு அவளை யார் உட்கார்ந்து கேட்டார்கள்?

மதியம் பன்னிரண்டரைக்கு ஒரு கச்சேரி, சாயங்காலம் ஒன்று. செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை. மைக் கிடையாது. சாப்பிடுகிறவர்கள் நிம்மதியாகப் பேச வேண்டுமாம், மேனேஜர் உத்தரவு. ஆகவே வெண்கலத்தின் தொண்டையும் அவள் கிட்டாரும் வெறும் காற்றில் அந்தக் கூடத்தின் கடைசி மேஜை வரை போய்ச் சேர வேண்டும்.

அதற்காகத்தான் பதிமூன்று. கிட்டார்க் கம்பியின் பருமனை எண்ணால் சொல்வார்கள். பத்து, பதினொன்று என்றால் மெல்லிசு, விரல் பட்டாலே பணியும். எண் ஏற ஏறத் தடிமன். பதிமூன்று என்பது அவர்கள் வழக்கமாக வாங்கும் கடையில் இருப்பதிலேயே தடி. சத்தம் பெரிசாக வரும், வாஸ்தவம். ஆனால் அதை அழுத்திப் பிடிக்கிற கை மனுஷக் கைதானே? வெண்கலம் அதை யோசித்ததாகத் தெரியவில்லை. மாதா மாதம் முதல் செவ்வாய்க்கிழமை அவரே தரையில் பாயை விரித்து உட்கார்ந்து பழைய கம்பியைக் கழற்றிப் புதுப் பதிமூன்றைப் பூட்டுவார். பாசமாகத்தான் செய்வார், அதையும் சொல்லிவிட வேண்டும். மிச்சப் பாக்கெட்டுகள் அவர் அலமாரியில் பூட்டுக்குள் இருக்கும்.

"கை வலிக்குதுங்க. பதினொண்ணு போட்டுப் பாக்கலாமா?" என்று முதல் வருஷம் கேட்டாள்.

"அது கொசு பாடற மாதிரி இருக்கும்மா. பழகிடும்."

மூன்றாம் வருஷம் கேட்டாள். பழகிடும். ஐந்தாம் வருஷம் கேட்டாள். பழகிடும். அப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஒற்றைக் காலில் நிற்கிற ஆளிடம் எத்தனை தடவைதான் வாயைக் கொடுப்பது?

இந்த வருஷம் அவள் இடது கை மோதிர விரல் மடங்கினால் நிமிர மறுத்தது. காலையில் எழுந்ததும் குழாயடியில் வெந்நீரைத் திறந்துவிட்டு, வலது கையால் அந்த விரலைப் பிடித்து இழுப்பாள். டக்கென்று ஒரு சத்தத்தோடு நிமிரும். கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எலும்பு டாக்டர் விரலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "இதே வேலையை இதே மாதிரி செஞ்சீங்கன்னா ஒரு நாள் மடங்கினது மடங்கினபடியே நின்னுடும்மா" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னாள். வெண்கலம் தைலம் எடுத்துவந்து கால் மணி நேரம் நீவிவிட்டார். மறுநாள் மதியம் அதே முக்காலி, அதே பதிமூன்று.

இந்தச் சமயத்தில்தான் அந்தச் செய்தி காதுக்கு வந்தது. ஊருக்குள்ளேயே ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் கிட்டார் வாசிக்க ஆள் தேடுகிறார்கள். காலை பத்திலிருந்து நாலு வரை வேலை. முதுகு சாய்கிற நாற்காலி. கூடவே மைக், அதனால் ஓங்கி அடிக்க வேண்டியதே இல்லை. எந்தக் கம்பி வேண்டுமோ அதைப் போட்டுக்கொள்ளலாம். அவள் சத்தம் போடாமல் போன் செய்தாள். புதன்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். அந்த நாற்காலி கிடைத்தால் விரல் பிழைக்கும், கிடைக்காவிட்டால் விரல் போகும். அவள் கணக்கு அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை வெண்கலம் முடி வெட்டக் கிளம்பியதும் கிட்டார்ப் பெட்டியைத் தூக்கினாள். வாசலில் நாத்தனார். அந்த அம்மாளுக்கு எது நடந்தாலும் மூக்கில் வேர்த்துவிடும்.

"என்ன அண்ணி, லீவு நாள்ல கிட்டாருக்கு எங்க பயணம்?"

"அதுக்குச் சளி பிடிச்சிருக்கு. டாக்டர்கிட்ட காட்டிட்டு வரேன்."

அது முழுப் பொய்யும் இல்லை. கிட்டார் பழுது பார்க்கிறவரைக் கழுத்து டாக்டர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எந்தக் கிட்டாரைக் கொண்டுபோனாலும் முதலில் அதன் கழுத்தை, விரல் ஓடுகிற அந்த நீள மரத்தைத்தான், கண்ணை இடுக்கிப் பார்ப்பார். சின்ன அறை, மரத்தூள் வாடை, சுவர் முழுக்கத் தலைகீழாகத் தொங்கும் வாத்தியங்கள். அவள் கிட்டாரை வாங்கிப் பார்த்தார். அதைக் கீழே வைத்துவிட்டு அவள் விரல் நுனிகளைப் பார்த்தார்.

"பதிமூணா? யாரு உங்களுக்கு இந்தத் தண்டனை குடுத்தது?"

அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவரும் நோண்டிக் கேட்கிற ஆள் இல்லை. பத்து போதும், பதினொன்றுகூட இந்த விரலுக்கு அதிகம் என்றார். தடிக்கம்பி இழுத்த இழுப்பில் கழுத்து வளைந்து நிற்கிறது, மெல்லிசு போட்டால் இழுப்பு குறையும், கழுத்துக்குள் இருக்கிற இரும்புக் கம்பியைத் திருகிச் சரிக்கட்ட வேண்டும் என்றார். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அவள் வாங்கி ஒரு பிடி பிடித்தாள். ஒரு விரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்துகிற பிடி, தினமும் உயிரை எடுக்கிற பிடி. கம்பி வெண்ணெய் மாதிரி பணிந்தது. வலியே இல்லை. அவள் சிரித்துவிட்டாள், கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

"சந்தோஷப்படறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்குங்க" என்றார் கழுத்து டாக்டர். "கம்பியை மாத்திட்டேன். கையை நான் மாத்த முடியாது. தடிக்கம்பிக்குப் பழகின கை மெல்லிசையும் அதே பலத்துலதான் அமுக்கும். அமுக்கினா சுருதி ஏறிடும். ரெண்டு மூணு வாரம் ஆகும் பழக."

"நாளைக்குப் பத்து மணிக்கு வேணும்."

"அப்ப கடவுள் விட்ட வழி."

வெண்கலத்துக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்பது அவள் திட்டம். புதன்கிழமை பதினொன்றுக்குத் தேர்வு முடியும், நேரே கழுத்து டாக்டரிடம் வந்து பழைய பதிமூன்றைத் திரும்பப் பூட்டிக்கொண்டு பன்னிரண்டரைக்கு முக்காலியில் உட்கார்ந்துவிடலாம். வெண்கலத்திடம், டாக்டருக்குக் கை காட்டிவிட்டு நேரே ஓட்டலுக்கு வருகிறேன் என்று சொல்லி வைத்தாள். செவ்வாய்க்கிழமை மிச்சப் பொழுதில் அவர் கிட்டார்ப் பெட்டியைத் திறந்துவிடக் கூடாதே என்று அதைத் தன் துணி அலமாரிக்குப் பின்னால் சொருகி வைத்தாள். சொந்த வாத்தியத்தைத் திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்து வைக்கிற நிலைமை, என்ன செய்ய.

ஒலிப்பதிவுக் கூடத்தில் சுவரெல்லாம் மெத்தை. கதவைச் சாத்தினால் காதை யாரோ பஞ்சால் அடைத்தது போல இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நடுத்தர வயதுப் பெண், ஒலிப்பதிவு செய்கிறவர். எல்லாம் அவர் பொறுப்புதான். சிரித்த முகம். ஆனால் முன்னால் வந்தவர் முடிக்கவே பத்தரையாகிவிட்டது, அவளைக் கூப்பிடும்போது பதினொன்று.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசித்தாள். எட்டு வரி போயிருக்காது, காதுக்குள் குரல் வந்தது.

"கொஞ்சம் ஏறுது. சுருதி சேத்துட்டு மறுபடி வாசிங்க."

சேர்த்தாள். சுருதி பார்க்கிற கருவி ஆறு கம்பியும் சரி என்று காட்டியது. வாசித்தாள். மறுபடியும் ஏறியது. மறுபடி சேர்த்தாள். விரல் வைக்காத கம்பி சுத்தமாகப் பேசியது, விரல் வைத்த இடமெல்லாம் கூடுதலாகக் கத்தியது. கழுத்து டாக்டர் சொன்ன கை இதுதான். மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். கம்பி சரியாகப் பதியாமல் கொரகொரவென்றது. கொஞ்சம் கூட்டினாள், பழைய பலம் முழுசாக வந்து இறங்கியது. நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அது மட்டும் கைக்கு அகப்படவில்லை. ஏழு வருஷத்தில் அந்தக் கைக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டே நிலை: விடுவது, நெரிப்பது.

ஒலிப்பதிவுப் பெண் கதவைத் திறந்து உள்ளே வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வாசிப்பு ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா யாரோ பின்னாடி துரத்தற மாதிரி பிடிக்கறீங்க. எதுக்கு இவ்வளவு பலம்?"

"கம்பி தடியா இருந்தது. நேத்துதான் மாத்தினேன்."

"வலது கையும் ஓங்கி அடிக்குது. அது அடிக்கறப்பல்லாம் இடது கை தானா இறுகுது. கவனிச்சீங்களா? அது கம்பியால மட்டும் வந்த பழக்கம் இல்ல." அவர் யோசித்தார். "சரி, ஒரு மாசம். அடுத்த மாசம் இதே புதன்கிழமை வாங்க. அதுவரைக்கும் வேற ஆளை வெச்சு ஓட்டிக்கறேன். ஆனா இந்த ஒரு மாசமும் ஒரு நாள்கூட ஓங்கி வாசிக்கக் கூடாது. ஒரு பாட்டு அப்படி வாசிச்சாலும் கை பழைய இடத்துக்கே ஓடிடும்."

வெளியே வந்து மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐந்து. கழுத்து டாக்டர் கடை ஊரின் இன்னொரு மூலையில். பதிமூன்றும் அங்கேதான்.

ஓட்டலுக்குள் நுழைந்தபோது வெண்கலம் ஏற்கெனவே மேடையில் நின்றார். மேடை என்ன மேடை, ஒரு சாண் உயரப் பலகை. புதுசாக வெட்டிய முடியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக மாப்பிள்ளை மாதிரி இருந்தார். அவள் முக்காலியில் உட்கார்ந்து சுருதி சேர்க்க ஒரு கம்பியைத் தட்டினாள். அவர் தலை வெடுக்கென்று திரும்பியது.

"என்ன கம்பி இது?"

"பத்து."

"யாரைக் கேட்டு மாத்தின?"

"என் விரலைக் கேட்டு."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அதற்குள் மேனேஜர் கல்லாவிலிருந்து ஆரம்பியுங்கள் என்று கையைக் காட்டினார். கூடம் நிறைந்திருந்தது. வேறு வழி இல்லாமல் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

முதல் பாட்டை அவள் பஞ்சில் நடப்பது போல வாசித்தாள். தொட்டால் போதும், தொட்டால் போதும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வாசித்தாள். காலையில் அகப்படாத அந்த நடு இடம் கொஞ்சம் கொஞ்சமாக அகப்பட்டது. சரணத்தில் பாட்டு மேலே ஏறுகிற இடம் வந்தது. வெண்கலம் ஏறினார். குரல் ஏறவில்லை. காய்ந்த கிளை மாதிரி கரகரவென்று இரண்டாகப் பிளந்தது.

அந்தக் கணமே அவள் வலது கை ஓங்கியது, இடது கை இறுகியது. அவள் சொல்லவில்லை, கை தானாகச் செய்தது. கிட்டார் சத்தம் பெருகி அந்தப் பிளவை மூடியது, கூடவே சுருதி தாறுமாறாக ஏறியது. முன் மேஜைக்காரர் முகத்தைச் சுளித்தார். பாட்டு எப்படியோ முடிந்தது. நாலு பேர் கை தட்டினார்கள்.

அவளுக்கு இப்போது எல்லாம் வெட்ட வெளிச்சமாகிவிட்டது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பாட்டிலும், அந்தக் குரல் மேலே போகிற இடத்தில்தான் அவள் கை நெரித்திருக்கிறது. தடிக்கம்பியின் சத்தத்தில் பிளவு அவளுக்கே கேட்டதில்லை. கை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

வெண்கலம் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவள் பக்கம் குனிந்தார்.

"கொஞ்சம் ஓங்கி வாசிம்மா."

"ஓங்கினா சுருதி ஏறுதுங்க."

"ஏறட்டும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கம்பி தலைமுடி அளவு பிசகினாலும் வீடு வரை திட்டிக்கொண்டே வருகிற மனுஷன். சுருதிதான் தாய் என்று மேனேஜருக்கே பாடம் எடுக்கிற மனுஷன். ஏறட்டும் என்கிறார்.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டாள்.

அவர் டம்ளரைப் பார்த்தார். "நாலு வருஷமா. கேக்கறவங்களுக்குச் சுருதியெல்லாம் தெரியாதும்மா. தொண்டை போனது தெரிஞ்சுடும். தெரிஞ்சா மேனேஜர் நாளைக்கே வேற ஆளைக் கூப்பிடுவாரு." குரலை இன்னும் தாழ்த்தினார். "எனக்குப் பாட்டைத் தவிர வேற என்ன தெரியும், சொல்லு."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. நாலு வருஷமாகத் தெரிந்துகொண்டே பழகிடும் என்றிருக்கிறார், தைலமும் நீவியிருக்கிறார். அதே மூச்சில் பரிதாபமும் பொங்கியது. அவர் கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்தாள். நேற்று இந்த மனுஷனுக்காக யாராவது உயிரைக் கொடு என்றிருந்தால் யோசித்திருக்க மாட்டாள். கேட்டது விரலை. அதையும் கேட்காமலே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"ஒரு மாசம் ஓங்கி வாசிக்கக் கூடாதுங்க. ஒரு பாட்டுகூட. வேற வேலை கேட்டுப் போய்ட்டு வரேன் காலைல. விரல் நின்னுடும்னு டாக்டர் சொன்னதை உங்ககிட்ட சொன்னேனே."

"இன்னிக்கு மட்டும். உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

அவர் கெஞ்சி அவள் கேட்டதில்லை. மேனேஜர் மறுபடியும் கையை ஆட்டினார். இறங்கிப் போகவும் வழியில்லை, பதில் சொல்லவும் நேரமில்லை. அவள் அடுத்த பாட்டின் முதல் பிடியைப் பிடித்தாள்.

மெதுவாகப் பிடித்தாள். கம்பி சுத்தமாகப் பேசியது. அவர் ஆரம்பித்தார். கீழே இருந்தவரை நன்றாகவே இருந்தது. மேலே ஏறுகிற வரி நெருங்க நெருங்க அவர் கண் அவள் கையிலேயே இருந்தது. வரி வந்தது. வலது கை ஓங்கத் துடித்தது, அவள் விடவில்லை. குரல் பிளந்தது. மூட எதுவும் இல்லாததால் கடைசி மேஜை வரை போனது. ஒரு அம்மாள் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கல்லாவில் மேனேஜர் எழுந்து நின்றார்.

வெண்கலம் பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தினால் எங்கே போவது? அவள் முக்காலியின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உடைந்த குரலிலேயே அடுத்த வரிக்குப் போனார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கிட்டார் மேல் சொட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை. விரல்கள் தொட்டன, எடுத்தன, தொட்டன. ஒரு இடத்திலும் சுருதி ஏறவில்லை.

பட்டியலில் இன்னும் பதினோரு பாட்டு இருந்தது.