பென்சிலில் எழுதிய பெயர்

எங்கள் வீட்டில் சின்ன வயதில் இருந்தது ஒரே ஒரு புத்தகம். அதுவும் கடையில் வாங்கியதில்லை. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைத் தாள்களைச் சேர்த்து, என் அக்கா செங்கமலம் கோணி ஊசியால் தைத்தது. புளியங்கொட்டைப் பசை காய்ச்சி, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டினாள். எலிக்கு அந்தப் பசை பிடித்துப்போய் முதுகுப் பக்கத்தைக் கொறித்துவிட்டது. கதையின் பெயர் ‘குதிரைக்காரி’.

நல்ல கதை என்று சொல்ல மாட்டேன். இப்போது கையில் கிடைத்தால் பாதியில் வைத்துவிடுவேன். ஒரு ராஜகுமாரி தலையை மொட்டையடித்துக்கொண்டு ஆண் வேஷத்தில் எதிரி கோட்டைக்குள் குதிரை மேய்க்கப் போகிறாள். அங்கே அவள் தம்பி சிறையில் இருக்கிறான். இடியன் என்ற முரட்டுக் குதிரை அவளை மட்டும்தான் பக்கத்தில் விடும். அவ்வளவுதான். ஆனால் சமஸ்தானம் போய் இந்தியாவோடு சேர்ந்த மறுவருஷம், விராலிமலைக்குக் கிழக்கே கரிசல் துளியும் இல்லாத செம்மண் ஊரில், ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகிற இரண்டு பிள்ளைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. அம்மா அதற்கு முன்பே போய்ச்சேர்ந்துவிட்டாள். அப்பா மூக்கன் அதிகம் பேசாதவர். வீட்டில் கேட்ட குரல் அந்தக் கதையின் குரல்தான்.

எங்கள் ஊரில் பத்திரிகை வாங்குகிற ஆள் ஒருவரும் இல்லை. ரோட்டோர டிஸ்பென்சரியில் இருந்த கம்பவுண்டர் மட்டும் வாங்குவார். திருச்சி பஸ்ஸில் கட்டு வரும். படித்து முடித்ததும் அதைக் கிழித்து மருந்துப் பொடி மடிக்க வைத்துக்கொள்வார். அக்கா ஒருநாள் காய்ச்சலுக்கு மருந்து வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்ததில் கதையின் ஒரு துண்டு இருந்தது. குதிரை காலைத் தூக்கி நிற்கிற இடம். அடுத்த நாளே அவரிடம் போய் நின்றாள். நானும் கூடப் போனேன்.

“மருந்து மடிக்க நான் வேற தாள் தாரேன். கதைத் தாளை எனக்குக் குடுங்க.”

“எங்கேருந்து தருவே?”

“எந்தம்பி எழுதி முடிச்ச நோட்டு இருக்கு.”

அவர் என் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தார். “பூராத் தப்பு. இதுல மடிச்சா மருந்து வேலை செய்யுமா?” என்றார். ஆனால் வாங்கிக்கொண்டார். அப்புறம் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் என் தப்புக் கணக்கில் மடித்த பொடியைத்தான் சாப்பிட்டது.

பஸ் நிற்குமிடத்தில் பத்திரிகை எடுக்கிற ஏஜெண்டு, எது யாருக்கு என்று தெரிய ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிவிடுவார். வழவழப்பான மேலட்டையில் பென்சில் பிடிக்காது. அதனால் அட்டையைத் திருப்பி உள்ளே முதல் பக்கத்து மூலையில் எழுதுவார். தொடர்கதை தொடங்குவதும் அந்தப் பக்கத்தில்தான். ஆகையால் எங்கள் புத்தகத்தில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் ‘ஆத்மநாதன்’ என்று இருந்தது. கம்பவுண்டரின் பெயர் அதுதான். ஊரில் வேறு யாருக்கும் அது தெரியாது. எல்லாருக்கும் அவர் கம்பவுண்டர். சாகிற வரைக்கும் கம்பவுண்டர்தான். அக்காவுக்குக் கல்யாணம் ஆன மறுவருஷம் செத்துப்போனார். வேறு ஒருவர் வந்தார், அவரும் கம்பவுண்டர்தான்.

அக்காவை அறந்தாங்கிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை நாகராசு. நிலம் உண்டு, மாடு உண்டு. கையும் உண்டு. சோறு குழைந்தால் அடி, குழையாவிட்டால் அடி. ஒருமுறை ஓடிவந்தாள். அப்போது பஞ்சாயத்தில் எங்கள் ஊர்த் தலைவர், அம்பலம் ஆண்டிச்சாமி, “அடிக்காத புருசன் எந்த ஊருல இருக்கான்? போய்ப் பொழை ஆத்தா” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவைத்தார். அப்பாவே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அடுத்த தடவை வந்தபோது அவள் இடது மணிக்கட்டு வளைந்திருந்தது. புத்தூர்க் கட்டுப் போட்டும் நேராகவில்லை. அதற்காகக் கூடிய பஞ்சாயத்தும் முடிவு சொல்லாமல் கலைந்தது. கட்டின துணியோடு வந்திருந்தாள். டிரங்குப் பெட்டி அங்கேயே இருந்தது. புத்தகம் அதற்குள்.

நான் அப்போது மில்லில் இரவு ஷிஃப்ட். படிப்பை எப்போதோ விட்டாயிற்று. ஊரிலிருந்து ஆள் வந்து, பஞ்சாயத்து கூடப்போகிறது, இந்தத் தடவை கூட்டச் சொன்னது நாகராசுதான் என்றான். எதற்கு என்று கேட்டேன்.

“ஒங்க அக்கா பொட்டியில ஒரு பொஸ்தகம் இருந்துச்சாம். பக்கத்துக்குப் பக்கம் ஒரு ஆம்பளை பேரு எழுதியிருக்காம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆத்மநாதன் என்ற பெயர் அறந்தாங்கிப் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். ஆவுடையார்கோயில் சாமி பெயர். நாகராசு பெட்டியைக் குடைந்து, எழுத்துக்கூட்டி அந்தப் பெயரைப் படித்துவிட்டு, தன் ஊர் ஆத்மநாதன்களை எல்லாம் ஒவ்வொருவராக வேவு பார்த்திருக்கிறான். எண்ணெய்ச் செக்கு ஆத்மநாதனுக்கு வயது எழுபது. அவரையும் விடவில்லையாம்.

ஒரு வாக்கியத்தில் தீர்ந்துபோகிற விஷயம். நான் எழுந்து நின்று, ‘அது கம்பவுண்டர் பேரு, பத்திரிகை ஏஜெண்டு எழுதினது’ என்று சொன்னால் போதும். ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் அப்படியே பஸ் ஏறினேன்.

அக்கா ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் எனக்காக நின்றாள். என் தலையில் மில் பஞ்சு ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டாள்.

“என்ன சொல்லப் போறே?” என்றாள்.

“நடந்ததைச் சொல்றேன். வேறென்ன?”

“சொன்னா என்ன ஆகும்?”

“உம்மேல தப்பு இல்லைன்னு ஆகும்.”

“அப்புறம்?”

அவளே சொன்னாள்:

“நல்ல பொம்பளைன்னு ஆயிருச்சுன்னா, நல்ல பொம்பளை புருசன் வீட்டுலதான் இருக்கணும்னு அங்கிட்டே அனுப்பிருவாங்கெ. அம்பலம் வாயில வேற எதுவும் வராது. போன தடவை நான் கையைக் காட்டினேன், முதுகைக் காட்டினேன். எவனும் நிமிந்து பாக்கலை. இப்ப ஒரு பேரு கெடச்சிருக்கு, ரெண்டு ஊரும் கூடியிருக்கு பாரு.”

“ஊரு என்ன பேசும்னு தெரியுமா ஒனக்கு?”

“பேசட்டும். பேச்சு எலும்பை ஒடிக்காது.”

“பெத்த அய்யாவுக்கு?”

அவள் வளைந்த கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள். “நீ வாயைத் தொறக்காதே. கேட்டா, எழுதியிருக்குறதைப் படிச்சுக் காட்டு. அதுக்கு மேல ஒண்ணும் வேணாம். நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

பிள்ளையார் கோயில் வேம்படியில் கூட்டம். இரண்டு ஊர் ஆட்களும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் விரித்த துண்டின் மேல் எங்கள் புத்தகம். வெயிலில் அது மிகவும் சின்னதாகத் தெரிந்தது. இத்தனை பெரிய மனிதர்கள் சுற்றி உட்கார்ந்து அதைப் பார்க்கிறார்கள் என்பதே அசிங்கமாக இருந்தது. காலண்டர் அட்டையில் லட்சுமியின் முகத்தில் பாதி உரிந்து போயிருந்தது.

அப்பா ஒரு ஓரத்தில் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் தெம்பு வந்தது. எழுத்துத் தெரிந்த பையன் வந்துவிட்டான் என்ற தெம்பு. அவருக்கும் பெயரின் கதை தெரியாது. ஆனால் மகளைத் தெரியும் என்று நினைத்திருந்தார்.

நாகராசு எழுந்து பேசினான். பேசும்போது யாரையும் பார்க்கவில்லை. “நான் அடிச்சேன்தான். இல்லைங்கலை. ஆனா இதைப் பாத்ததுலேருந்து சோறு எறங்கலை எனக்கு. இம்புட்டுப் பக்கத்துலயும் ஒருத்தன் பேரை எழுதி பொட்டியில வச்சிருக்கா. ராவுல எடுத்துத் தடவித் தடவிப் பாப்பா. கதை படிக்கிறாளாக்கும்னு நெனச்சேன், நான் ஒரு மடப்பய.”

யாரோ பின்னால் சிரித்தார்கள். “கதைதான் படிச்சிருக்கு. உன் கதையைப் படிக்கலை” என்றது ஒரு குரல்.

“சும்மா கெடங்கடா” என்றார் ஆண்டிச்சாமி அம்பலம். புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். “ஏப்பா கொழந்தைசாமி, நீதான் படிச்சவன். இந்த மூலையில என்ன எழுதியிருக்கு?”

வாங்கினேன். கை பட்டதும் தானாகவே ஒரு பக்கம் திறந்தது. ராஜகுமாரி சிறைச்சாலைச் சுவருக்கு வெளியே நின்று தம்பிக்குக் கேட்கும்படி குதிரையை அதட்டுகிற இடம். அதை நாங்கள் அதிகம் படித்ததால் தையல் அங்கே தளர்ந்திருந்தது.

“ஆத்மநாதன்” என்று படித்தேன்.

“அடுத்ததுல?”

“ஆத்மநாதன்.”

“யாருப்பா அந்த ஆத்மநாதன்? ஒனக்குத் தெரியுமா?”

அப்பா என்னையே பார்த்தார். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அக்கா கூட்டத்துக்கு வெளியே பெண்களோடு நின்றவள், நாலு எட்டு முன்னால் வந்தாள்.

“அவனை என்ன கேக்குறீங்க? எம்பொட்டியில இருந்தது. என்னைக் கேளுங்க.”



“சரி, ஒன்னையே கேக்குறோம். ஆரு அவன்?” என்றார் அம்பலம்.

“எனக்குத் தெரிஞ்சவரு.”

“எப்பலேருந்து?”

“சின்னப் புள்ளையிலேருந்து.”

“இந்தப் பொஸ்தகம்?”

“அவரு குடுத்த தாளுதான். நான்தான் தச்சேன்.”

“இப்ப எங்கே இருக்கான்?”

“செத்துப் போயிட்டாரு.”

ஒரு சொல் பொய் இல்லை. வேப்பம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைக்கூட யாரோ அதட்டி நிறுத்தினார்கள். நாகராசுவின் முகம் வெளுத்துப்போனது. பஞ்சாயத்தைக் கூட்டியவன், புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தவன், இவ்வளவும் செய்துவிட்டு அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்திருக்கிறான். அடிக்குரலில், “இல்லைன்னு சொல்லு புள்ள” என்றான். அவன் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். அவள் வேம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. கையை ஒடித்ததற்கு ஒரு பகல் முழுக்கப் பேசியும் அசையாதவர்கள், இதற்கு வெற்றிலை மென்று முடிக்கிற நேரம்கூட எடுக்கவில்லை. அம்பலம் வைக்கோல் போரிலிருந்து ஒரு துரும்பு கொண்டுவரச் சொன்னார். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கட்டினவன் துரும்பைக் கிள்ளிப் போட்டுவிட்டால் உறவு தீர்ந்தது. நாகராசு அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். அவன் ஊர்க்காரர்கள் “கிள்ளுப்பா, கிள்ளு” என்றார்கள். கிள்ளி அப்பா முன்னால் போட்டான். ஒரு பாதி காற்றில் போய்விட்டது.

பிறகு குனிந்து புத்தகத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டான். அக்கா அதுவரை அசையாமல் நின்றவள், “அது என்னோடது” என்றாள்.

“ஒனக்கு அது வேற வேணுமா?” என்று பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ காறித் துப்பினார்கள்.

அவன் ஊர்க்காரர்கள் பெட்டியையும் பாத்திரத்தையும் முன்யோசனையாக வண்டியில் கொண்டுவந்திருந்தார்கள், இறக்கிவைத்தார்கள். புத்தகத்தை யாரும் கேட்கவில்லை. அவன் அதை வைத்து என்ன செய்தானோ தெரியாது. எரித்திருக்கலாம். எழுத்துக்கூட்டிப் படித்தும் பார்த்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவை மாட்டுக் கொட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போய் உள்ளதைச் சொன்னேன். கம்பவுண்டர், ஏஜெண்டு, பென்சில், என் கணக்கு நோட்டு எல்லாம். கேட்டுக்கொண்டே மாட்டுக்குத் தண்ணி காட்டினார்.

“அக்காளுக்குப் பரிஞ்சு பேசுறே. பேசத்தான் செய்யணும்” என்றார். “அங்கே சொல்லாததை இங்கே சொன்னா எவன் நம்புவான்?”

அதற்கப்புறம் அவர் அவளோடு பேசவில்லை. அவள் வைக்கிற சோற்றைச் சாப்பிடுவார். தண்ணீர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக் கேட்பார். இன்று வரை அப்படித்தான் இருக்கிறது. ஊரில் அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் விழுந்துவிட்டது. அதை இங்கே எழுத மாட்டேன்.

அன்று பொழுது சாய ஷிஃப்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அக்கா ரோடு வரைக்கும் கூட வந்தாள். வழியில் டிஸ்பென்சரி பூட்டியிருந்தது. பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல், கதையைப் பற்றிப் பேசினோம்.

“கடைசியில இடியன் செத்துப்போகும்ல?” என்றேன். “அகழியில குதிக்கிறப்ப.”

“யாரு சொன்னா? அக்கரை ஏறிரும். அவ தம்பியை அதுமேலதான ஏத்தி அனுப்புவா.”

“இல்லக்கா. தம்பி நடந்துதான் போவான். குதிரை செத்ததுனாலதான் அவ அழுவா.”

“அவ அந்தக் கதையில எங்கேயும் அழ மாட்டா.”

“அழுவா. நான் படிச்சேன்.”

“நான் தச்சவடா.”

இருவரும் விடவில்லை. குரல் உயர்ந்துவிட்டது. ரோட்டில் போன மாட்டு வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். எடுத்துப் பிரித்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அது அறந்தாங்கி பஸ்ஸில் ஒருவன் இடுப்பில் போய்க்கொண்டிருந்தது. அந்த நினைப்பு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்க வேண்டும். அவள் நிறுத்திக்கொண்டாள். வளைந்த மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டு, “செத்துத்தான் போயிருக்குமோ?” என்றாள் மெதுவாக.

என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பஸ் வந்தது. படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“வர்றப்ப ஏதாச்சும் பத்திரிகை இருந்தா வாங்கிட்டு வா.”

“சரி.”

“பேரு எழுதாததா பாத்து வாங்கு” என்றாள்.