ஊறுகாய்ப் போத்தல்

கோடை விடுமுறைக்கு ஒரு நாள் இருக்கையில் நூறு கிராம் சோடியம் காணாமல் போனால் எந்த ஆசிரியைக்குத்தான் பொறுமை இருக்கும்? ஹோர்சன்ஸ் என்ற டேனிஷ் நகரத்துப் பள்ளியொன்றில் இரசாயனம் படிப்பிக்கும் நிறோஷினிக்கு அது துளியும் இல்லை. அலுமாரியிலுள்ள ஒவ்வொரு இரசாயனத்தையும் பட்டியலோடு ஒத்துப்பார்த்து மத்தியானத்துக்குள் கையெழுத்து வைக்க வேண்டும். சோடியத்தைத் தவிர எல்லாம் சரி. தண்ணீர் பட்டால் தீப்பிடித்து வெடிக்கிற சாமான். மாணவர் யாராவது எடுத்துப் போயிருந்தால்?

கீழ்த்தட்டின் மூலையில் ஓர் ஊறுகாய்ப் போத்தல் கிடந்தது. மங்கிய எண்ணெய்க்குள் அழுக்கு நிறத் துண்டுகள். ஒட்டியிருந்த காகிதத்தில் தமிழில் மூன்று வரி. யாருடைய வேலை என்று கேட்கத் தேவையில்லை. போன மாதம் ஓய்வு பெற்ற பராமரிப்பாளர் அல்பேட்டைத் தவிர அந்தப் பள்ளியில் தமிழ் எழுத ஆளில்லை. மனுசன் வெறும் போத்தல் ஒன்றையும் எறியமாட்டார். அவருடைய அறையில் ஜாம் போத்தலுக்குள் ஆணி, ஐஸ்கிறீம் பெட்டிக்குள் மீன்குழம்பு. சாப்பாட்டுச் சாமானை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! வாய் வலித்ததுதான் மிச்சம்.

எரிச்சல் கண்ணை மறைத்தது. கழுவி எறிந்துவிட நினைத்தாள்; மூடி அசையவில்லை. சுடுதண்ணீரில் பிடித்தால் இளகும் என்று குழாயைத் திறந்தாள். தண்ணீர் சூடாவதற்குள் அல்பேட்டுக்கு நாலு வார்த்தை சொல்லலாமென்று போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அங்கிள், உங்கடை ஊறுகாய் ஏன் என்ரை அலுமாரிக்குள்ளை கிடக்கு?"

"ஊறுகாயோ? அது சோடியம், பிள்ளை. பழைய தகரம் கறள் பிடிச்சு ஓட்டை. ஆசிரியர் பயிற்சிக்கு நீர் போயிருந்த நேரம் எண்ணெயோடை மாத்தி வைச்சனான். அதிலை எழுதியிருக்குத்தானே."

போத்தல் குழாய்க்கு அரைச்சாண் தூரத்தில் நின்றது. மறு கையால் குழாயைப் பூட்டினாள். போத்தலை மெல்ல மேசையில் வைத்தாள்; கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. இப்படியொரு சாமானை ஊறுகாய்ப் போத்தலில் வைப்பார்களா? டேனிஷ் பள்ளிக்கூடத்தில் தமிழில் எழுதினால் யார் வாசிப்பது? பொரிந்து தள்ளினாள்.

அல்பேட் அசரவில்லை. "பெடியளுக்கு விளங்கினால் எடுத்து விளையாடுவாங்கள் எண்டுதான் தமிழிலை எழுதினனான். நீர் வாசிப்பீர்தானே?"

வேலைக்கு வந்த முதல் நாளே, பத்து வருடம் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போனதாக அவரிடம் பெருமையடித்திருந்தாள். போனது உண்மை. கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து படம் கீறிக்கொண்டிருந்ததும் உண்மை. தமிழ் கதைப்பாள், எழுத்துதான் ஒட்டவில்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியாது, அங்கிள்."

அல்பேட், தான் எழுதியதை ஒவ்வொரு வரியாகச் சொன்னார்.

"தண்ணி படக்கூடாது. பிள்ளையள் தொடக்கூடாது. விளங்காட்டில் நிறோஷினி ரீச்சரைக் கேக்கவும்."

அவள் அந்த மூன்றாவது வரியை விரலால் தடவிப் பார்த்தாள். அதில் தன் பெயர் எது என்று அவளுக்குத் தெரியவில்லை.