நாங்க வர்றோம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நாட்டின் நீர்மூழ்கிக் கப்பல் வரைபடங்களை அந்நியருக்கு விற்ற மகாதுரோகி அடையாளம் காணப்பட்டுவிட்டான். பொதுமக்கள் அமைதி காத்து வழக்கம்போல் வேலைக்குப் போகலாம்.

தொலைக்காட்சியில் இதைக் கேட்ட கருநாகம், "எந்தப் பயலோ, தொலைஞ்சான்" என்று முனகியபடி டீயை ஆற்றினார்.

கருநாகம் என்பது உளவுத்துறை சூட்டிய பெயர். ஆளுக்குச் சர்க்கரை, மூட்டுவலி, லேசான தொப்பை. மெத்தைக் கடைக்கு மேலே துறை வைத்திருந்த ரகசிய அறையில் தங்கியிருந்தார். வீட்டைப் பொறுத்தவரை, தண்ணீர் மோட்டார் விற்க வெளியூர் போயிருந்தார்.

போன் அடித்தது. துறைத் தலைவர்.

"எங்க இருக்கீங்க? மெத்தைக் கடை மேலயா?"

"ஆமா சார்."

"நல்லது. அங்கயே இருங்க. நாங்க வர்றோம்."

கருநாகம் டீயைக் கீழே வைத்தார்.

தலைவர் ஒரு 'நாம' மனிதர். "செலவு கூடிப்போச்சு, நாம வயித்தக் கட்டணும்" என்பார். கட்டியது கருநாகத்தின் வயிறு. "நாட்டுக்காக நாம உயிரையும் குடுக்கணும்" என்பார். வாயில் முந்திரிப் பருப்பு அரைபடும். 'நாங்க' என்று அவர் சொல்லியே கேட்டதில்லை என்றில்லை. வேறு சிலரிடம் போனில் சொல்லியிருக்கிறார். அப்போதெல்லாம் அந்த 'நாங்க'வில் கருநாகமும் ஒருவர்; படியேறிப் போய்க் கதவைத் தட்டியவர். அந்த ஆட்களை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. வழக்கு, விசாரணை என்ற பேச்சுக்கே இடமில்லை. இல்லாத ஆளை எங்கே போய் விசாரிப்பது?

வரைபடம் இருந்த பெட்டகத்துக்கு இரண்டே சாவி. ஒன்று இவரிடம், இன்னொன்று தலைவரிடம். இவர் விற்கவில்லை. மீதியைக் கண்டுபிடிக்க உளவுப் பயிற்சி தேவைப்படவில்லை.

கீழே வண்டிகள் வந்து நின்றன. படியில் பூட்ஸ் சத்தம். கொஞ்சமும் அவசரமில்லாத சத்தம். அவசரப்படக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான்.

பின்ஜன்னலுக்குக் கீழே எப்போதும் மெத்தைகள் அடுக்கியிருக்கும். அந்த நம்பிக்கையில் நாட்டின் தலைசிறந்த உளவாளி கண்ணை மூடிக்கொண்டு குதித்தார். மழை வரும்போல் இருந்ததால் கடைக்காரர் மெத்தைகளை உள்ளே எடுத்து வைத்திருந்தார்.

கணுக்கால் மளுக்கென்றது. நொண்டியபடியே சந்துக்குள் ஓடி, வீட்டுக்குப் போன் போட்டார். மகள் விடுதியில் படிக்கிறாள். வீட்டில் மனைவி மட்டும்தான்.

"என்னங்க, மோட்டார் வித்துச்சா?" குரல் என்றைக்குமில்லாமல் மெதுவாக வந்தது.

"வீட்டைப் பூட்டிட்டு உங்க சித்தி வீட்டுக்குப் போயிடு. ஒண்ணும் கேக்காத."

"எதுக்குங்க? நேரா இங்க வாங்க. நாங்க காத்துக்கிட்டிருக்கோம்."

தனியாக இருப்பவள் வாயில் 'நாங்க'. அவள் பக்கத்தில் வேறு யாரோ மூச்சுவிடுவதும் கேட்டது. கருநாகம் போனைச் சாக்கடையில் எறிந்தார்.

சந்து முனையில் ஒரு கார் உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் மனைவியின் தம்பி. உருப்படாமல் திரிந்தவனுக்கு, அக்காவிடம் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, துறையில் டிரைவர் வேலை வாங்கிக் கொடுத்தவர் இவர்தான்.

"மாமா! ஏறுங்க சீக்கிரம்!"

"டேய் மச்சான், உனக்கெப்படித் தெரியும்?"

"டிரைவருக்குத் தெரியாத ரகசியமா? அதென்ன நொண்டுறீங்க, மோட்டாரைக் கால்ல போட்டுக்கிட்டீங்களா?"

"வாயை மூடு. எங்க போறதா உத்தேசம்?"

"நான் இருக்கேன்ல மாமா. நாம போறோம், அவ்வளவுதான்."

நாம! கருநாகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த உலகத்தில் தன்னையும் சேர்த்துப் பேச இன்னும் ஒரு வாய் மிச்சமிருக்கிறது. பின்இருக்கையில் விழுந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"நல்லா இருடா."

"உங்க புண்ணியத்துல நல்லாத்தான் இருக்கேன். இன்னிக்குக் காலைலதான் வேலைய நிரந்தரம் பண்ணாங்க."

கார் சந்தைவிட்டு வெளியே வந்தது. பூட்ஸ்காரர்கள் சாலையோரம் நின்றிருந்தார்கள். யாரும் துரத்தவில்லை. ஒருவர் மட்டும் குறுக்கே வந்த சைக்கிளை நிறுத்தி, காருக்கு வழிவிட்டார்.

அந்தக் காரின் பின்கதவுகள் உள்ளேயிருந்து திறக்காது.