மெஹ்னாஸின் எவர்சில்வர் டப்பா

பொழிச்சலூரில் கல்யாண வீடியோ எடிட் செய்து தரும் மெஹ்னாஸுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கேமராவிலிருந்து வரும் மெமரி கார்டுகளை ஹார்டு டிஸ்கில் ஏற்றிய பிறகும் திருப்பித் தரமாட்டார். பேர் எழுதி ஒட்டி ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டுவிடுவார். கல்யாண வீட்டார் படத்தைப் பார்த்தாயிற்று என்று சொன்னால்தான் கார்டு வெளியே வரும். அவசரக்காரர்களுக்குத் தன் கார்டுகளை இரவல் கொடுப்பார். ‘லாக்கர் அக்கா’ என்று வீடியோக்காரர்கள் கேலி செய்வார்கள். இப்படி ஒருவர் தெருவுக்குத் தெரு இருந்தால் எத்தனை கண்ணீர் மிச்சமாகும்!

அன்று மதியம் மெஹ்னாஸின் கடையில் வீடியோக்காரர் ஜாய்சனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கூடுவாஞ்சேரியில் சுஜியின் கல்யாணத்தை எடுத்தவர் அவர்தான். கல்யாணமான பத்தாம் நாள் சுஜியின் அப்பா தனசிங் மாரடைப்பில் இறந்துபோனார். மகளைக் கைபிடித்து ஆலயத்துக்குள் அழைத்துவந்த காட்சியை, அவர் நினைவாக அன்று மாலை வீட்டில் நடக்கவிருந்த ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று சுஜி கேட்டிருந்தாள். எடிட் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, அப்பா நடந்து வந்தால் போதும் என்றாள்.

"அக்கா, டிஸ்க்ல காப்பி நூறு பர்சென்ட் வந்துடுச்சே! இன்னும் இன்னா பண்ணிகினு கீது?"

"ஸ்கிரீன்ல வந்தா போதாது ஜாய்சன். டிஸ்க் லைட் மினுக்குது பாருங்க, உள்ள இன்னும் எழுதிட்டிருக்கு. எடுக்கலாம்னு கம்ப்யூட்டரே சொல்லும். ரெண்டே நிமிஷம்."

"உங்களோட ஒரே பேஜாருக்கா! ட்ரெயின் பூடும்."

வாசலில் கூரியர் வந்தது. மெஹ்னாஸ் கையெழுத்துப் போட எழுந்தார். அந்த நேரம் பார்த்து ஜாய்சன் வயரைப் பிடுங்கி டிஸ்கைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ரயில் நிற்பதற்குள் குதிக்கிற ஊரல்லவா நம்முடையது! செல்போனில் ரீல்ஸ் பார்க்க இரண்டு மணி நேரம் இருக்கும், இந்த இரண்டு நிமிடம்தான் இருக்காது.

சுஜி வீட்டு ஹால் நிறைய உறவுக்காரர்கள். லேப்டாப்பில் டிஸ்கைச் செருகினால், ஃபார்மட் செய்யட்டுமா, அதாவது எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா என்று கேட்டது. கழற்றி மறுபடி செருகினார். மறுபடியும் அதே கேள்வி. சுஜி டிவியை அம்மாவின் நாற்காலிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஜாய்சன் போனை எடுத்தபோதுதான் மெஹ்னாஸ் நான்கு முறை அழைத்திருந்தது தெரிந்தது.

"அக்கா... தப்பு பண்ட்டேன். டிஸ்க் தொறக்கல."

"பிடுங்கிட்டுப் போனப்பவே தெரியும். டப்பாவுல கார்டு இருக்குல்ல? வேற டிஸ்க்ல ஏத்தி, தொறந்து பாத்துட்டுதான் கிளம்பினேன். வண்டலூர் தாண்டிட்டேன், ஸ்டேஷனுக்கு வாங்க."

ஒரு திட்டு இல்லை, ஒரு குத்தல் இல்லை. அடுத்தவர் அவசரத்துக்குக் கடையைப் பூட்டிவிட்டு ரயிலேறி வருகிற மனசு எத்தனை பேருக்கு வரும்?

அரை மணி நேரத்தில் தனசிங் டிவியில் நடந்து வந்தார். ஆலய வாசலில் நின்று, மகளின் முக்காட்டைச் சரிசெய்துவிட்டுச் சிரித்தார். சுஜியின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

படம் முடிந்தது. லேப்டாப்பில் டிஸ்கை எடுப்பதற்கான பட்டனை அழுத்திவிட்டு, எடுக்கலாம் என்று அது சொல்லும்வரை ஜாய்சன் கைகட்டி நின்றார்.

"அதான் முடிஞ்சிடுச்சே, புடுங்குப்பா" என்றார் ஒரு பெரியவர்.

"இருங்க சார்" என்றார் ஜாய்சன். "வேலை முடிஞ்சிச்சான்னு பாக்கற ரெண்டு நிமிசமும் வேலைதான். அத்த மிச்சம் புடிக்கப்போயி, இந்தப் பொண்ணோட அப்பாவ நான் தொலைக்க இருந்தேன்."