சூரியனுக்கு முதுகு காட்டியவன்

என் வீட்டுக்காரர் புஹாரிக்கு மலைநாட்டுப் பதுளை டவுனில் துணிக்கடை. கடையை விடப் பெரியது அவருடைய சந்தேகம். பேக்கரியில் பாண் வாங்கினால் கையில் தூக்கி நிறை பார்ப்பார். பால்காரர் நிற்கும்போதே பாலில் விரலை விட்டுப் பார்ப்பார். யாராவது சிரித்த முகத்தோடு கடைக்குள் வந்தால் கடன் கேட்கத்தான் வருகிறார் என்பார்; முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தால் வாங்கிய துணியைத் திருப்பித் தரத்தான் என்பார். இந்த மனிதரோடு குடும்பம் நடத்தி, ஒரே ஒரு மகளைப் பெற்று வளர்த்துக் கட்டியும் கொடுத்துவிட்டேன். என் பொறுமையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள் பெயர் ஷம்ரா. மருமகன் ஹபீஸ் பக்கத்து ஊர் ஹாலிஎலப் பையன், சவூதியில் பெரிய லொறி ஓட்டுகிறான். நிக்காஹ் முடிந்த சூட்டோடு லீவும் முடிந்து அவன் போய்விட்டதால் ஷம்ரா எங்களோடுதான் இருந்தாள். இந்த வருடம் அவளுக்கு விசிட் விசா எடுத்து அனுப்பினான். கொஞ்ச நாள் வந்து இருந்து பார், பிடித்தால் அங்கேயே இருக்க வழி பார்க்கலாம் என்றான். அவளுக்கு ஆசைதான். பயமும் இருந்தது. மழை விட்டாலும் கூரை சொட்டுகிற ஊரில் பிறந்தவள், வாசலைத் தாண்டினால் ஏதாவது ஓடை சத்தம் கேட்டபடி வளர்ந்தவள். "ஒரு சொட்டுத் தண்ணி இல்லாத மணல்ல நான் எப்படி இருக்கிற?" என்று அவனிடமே கேட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் போனில் ஒரு தண்ணீர் வந்தது. லோட் ஏற்றிக்கொண்டு அந்தப் பெரிய நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகிறவன், வழியில் எங்கே ஏரி இருக்கிறது என்று விசாரித்து விசாரித்துப் படம் எடுத்தான். முதலில் வந்தது அல் அஹ்ஸாவுக்குப் பக்கத்து ஏரி. மணல் மேடுகளுக்கு நடுவில் நாணல் அடர்ந்து, எங்கிருந்தோ வந்த பறவைகள் மிதந்துகொண்டிருந்தன. அதன் கரையில் இவன் முசல்லா விரித்துத் தொழுவதைக் கூட்டாளி யாரோ எடுத்திருந்தான். இறங்குகிற வெயில் நேரே இவன் முகத்தில் விழுந்தது. அடுத்தது, மழை பெய்தால் மட்டும் மணலுக்குள் தேங்கி நிற்கிற குளம். சனங்கள் பாய் விரித்துத் தேத்தண்ணி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஓர் எரிமலை வாய், அதன் அடியில் தேங்கிய தண்ணீரைச் சுற்றி வெள்ளை வெளேரென்று உப்பு.

ஷம்ரா ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். பார்க்கப் பார்க்க அவள் முகத்தில் பயம் கரைவது எனக்குத் தெரிந்தது. அது அவள் வாப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"ஆறே இல்லாத நாடு எண்டு சின்னப் புள்ளைக்கும் தெரியும்" என்றார் அவர். "அங்க கிழமைக்கு ஒரு குளமா? குளத்துக்குப் பேர் போன அநுராதபுரத்துலயே இவ்வளவு இல்லியே. இவன் எங்கயோ இருந்துக்கிட்டு நமக்குப் படம் காட்டுறான்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. நான் கடையில் இருந்த ஒரு நாள், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து மரியகொரட்டி என்ற பெண் வந்தாள், மகளின் மாதா கோயில் புதுநன்மைச் சடங்குக்கு வெள்ளைத் துணி எடுக்க. அவள் முன்பு ரியாத்தில் வீட்டு வேலை செய்தவள். இவர் விடுவாரா? துணியை வெட்டாமல் கையில் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"சவூதியில குளம், ஏரி எல்லாம் இருக்கா புள்ள?"

"குளமா? நல்லாக் கேட்டீங்க மொதலாளி" என்றாள் அவள். "ரெண்டு வருசம் இருந்தேன். தண்ணின்னு நான் பாத்தது கொழாயில வந்ததும், மேடம் வீட்டு நீச்சல் தொட்டியில இருந்ததும்தாங்க."

இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தேர்தலில் வென்றவர் மாதிரி. அந்தப் பாவம் ரெண்டு வருடமும் அந்த வீட்டுக் கேட்டைத் தாண்டியதே இல்லை என்பது எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். அவளே எத்தனையோ முறை சொல்லி அழுதிருக்கிறாள். ஆனாலும் வேண்டாத நினைப்பு எனக்குள்ளும் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வெள்ளி வந்த வீடியோதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஜித்தாவுக்குப் பக்கத்தில், கடல் தண்ணீர் உள்ளே வந்து தேங்குகிற ஒரு களப்பு என்று எழுதியிருந்தான். ஓரத்தில் கண்டல் மரங்கள், அவற்றுக்கு அப்பால் கடல். 'மஹ்ரிபுக்குக் கொஞ்சம் முந்தி, அஸர் தொழ இப்பதான் நேரம் கிடைச்சது' என்று பின்னேரத் தொழுகையைப் பற்றி ஒரு குறிப்பு. தண்ணீருக்கு மேல் சூரியன் சிவப்பாகத் தாழ்ந்து நிற்கிறது. ஹபீஸ் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொழுகிறான்.

இவர் போனை வாங்கி மூக்கு முட்டப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார்.

"ஜெனீரா, நாம பாத்துத் தொழுற கிப்லா எந்தப் பக்கம்?"

"இது என்ன கேள்வி? மேற்கால."

"அப்ப மேற்கப் பாத்துத் தொழுறவனுக்கு முதுகுப் பக்கம் என்ன?"

"கிழக்கு."

"கிழக்கால கடலுக்கு மேல நிக்கிற சூரியன் காலையில உதிக்கிறதா, பின்னேரம் மறையிறதா?"

எங்கள் பள்ளிவாசலில் பொழுது சாய்ந்ததும் மஹ்ரிப் தொழும்போது மேற்குச் சுவரின் ஜன்னலில் வெளிச்சத்தின் மிச்சம் தெரியும். கால் நீட்டிப் படுத்தாலும் மேற்கே நீட்டாமல் படுக்கப் பழகியவர்கள் நாங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி அஸர் தொழுகிற முஸ்லிமை நான் பிறந்ததிலிருந்து கண்டதில்லை.

"இது கிழக்குக் கரையில இருக்கிற பொத்துவில் களப்பு" என்றார் இவர். "நம்ம நாட்டுலதான் இருக்கான். காலையில எடுத்துப்போட்டு அஸர் எண்டு புளுகுறான்."

"சூரியன் உதிச்ச பிறகு என்ன தொழுகை?"

"விடியத் தொழுற சுபஹு களாவாகி, நேரம் தப்பித் தொழுதிருப்பான். அங்க ஒருத்தியக் கட்டியிருப்பான். புது மாப்பிள்ளை பிந்தித்தானே எழும்புவான்."

கதவுக்குப் பக்கத்தில் ஷம்ரா நின்றிருந்தாள். அவ்வளவையும் கேட்டுவிட்டாள். போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு இவர் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை எறியாமல் வைத்தது இவருடைய நல்ல காலம்.

ஆனால் மறுநாள் காலை இவர் பொத்துவில் போகப் புறப்பட்டபோது நானும் கூடவே பஸ்ஸில் ஏறினேன். மகளிடம், சொந்தத்தில் ஒரு சாவு, மையித்து வீட்டுக்குப் போகிறோம் என்று பொய் சொன்னேன். பசறை தாண்டும் வரை அந்த வளைவுகளில் என் குடல் வெளியே வராதது அதிசயம். கீழே இறங்கிச் சமவெளிக்கு வந்த பிறகு இவர் போனைத் திறந்து, வீடியோவையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

களப்பு ஓரத்தில் ஒருவர் தோணியைக் கழுவிக்கொண்டிருந்தார். இவர் போனை நீட்டினார்.

"இந்த இடம் எது தம்பி?"

"கண்டல் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரித்தானே காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் அவர். "இந்தப் பக்கமாவும் இருக்கும்."

"மலைநாட்டுப் பையன் யாரும் இங்க வந்து இருக்கானா? லொறி ஓட்டுறவன்?"

அவர் யோசித்தார். "ஒரு ஆள் இருக்காரு. இங்க கலியாணம் முடிச்சவரு. பேர் தெரியா. அந்தப் பள்ளிக்குப் பின்னால வீடு."

நான் இவர் கையைப் பிடித்து இழுத்தேன். "வாங்க, போய்க் கதவைத் தட்டுவம். அவனா எண்டு என் கண்ணால பாக்கணும்" என்றேன். பள்ளிவாசல் அங்கிருந்தே தெரிந்தது. நடந்தால் ஒரு சுருட்டுப் பற்றவைக்கிற நேரம்தான் ஆகும்.

இவர் அசையவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றார். "இனி என்னத்தப் பாக்க? தெரிஞ்சு போச்சு."

பால், பாண் என்று எதையும் தொட்டுப் பார்க்காமல் விடாத மனிதர், மகளின் வாழ்க்கையைப் பார்க்க அந்தத் தெருவில் நடக்க மாட்டேன் என்றார். அது ஏன் என்று அப்போது நான் கேட்டிருக்க வேண்டும். மலை ஏறுகிற பஸ்ஸில் அழுதுகொண்டே வந்ததில் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவரே மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். தோணிக்காரர் சொன்னதையும் சொன்னார், வீட்டைப் போய்ப் பார்க்காததை மட்டும் விட்டுவிட்டு. நானும் வாயைத் திறக்கவில்லை. ஷம்ரா சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கிழமை முழுக்க அவள் ஹபீஸின் போன் கோலை எடுக்கவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைப்பாள். இவரோ வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது தன் கூட்டாளிகளிடம் விஷயத்தைச் சொல்லி, இருவரையும் பிரிக்கிற வழியையும் விசாரித்துவிட்டு வந்தார்.

அன்று இரவு, இஷா தொழுது முடித்த நேரம், ஹபீஸின் கோல் திரும்பவும் வந்தது. ஷம்ரா எடுக்காததைப் பார்த்து இவர் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டுச் சலாத்துக்குப் பதில்கூடச் சொல்லாமல் தொடங்கினார்.

"எங்க நிக்கிற நீ?"

"ஜித்தாவுல மாமா. போன கிழமை வந்த அதே இடம். ஷம்ராவுக்கு என்ன? சுகமில்லையா? ஏன் பேசுறா இல்ல?"

"ஜித்தாவா, பொத்துவிலா? பள்ளிக்குப் பின்னால வீடாமே. நாங்க போய்ப் பாத்துட்டுத்தான் வந்த."

ஷம்ரா எழுந்து வந்தாள். வாப்பாவின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"வீடியோவப் போடுங்க" என்றாள். வழக்கமாக அவனுடைய வீடியோ கோல் எடுபடாது, படம் அப்படியே நின்றுவிடும். அன்றைக்கும் விட்டு விட்டுத்தான் வந்தது. ஆனால் வந்தது.

எங்கள் ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. போனுக்குள் பளீரென்று வெயில். ஹபீஸ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் அதே கண்டல், அதே தண்ணீர், தண்ணீருக்கு மேலே சாய்கிற சூரியன். பொத்துவிலில் இந்த நேரத்துக்கு எந்தச் சூரியன் வரும்?

இவர் அப்போதும் விடவில்லை. "அப்ப ஏன் சூரியனுக்கு முதுகக் காட்டித் தொழுத?"

ஹபீஸுக்குக் கேள்வி விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"மாமா, நான் நிக்கிறது செங்கடல் கரையில. மக்கா இங்க இருந்து கிழக்கால. சூரியன் கடல்ல மறையிது. மக்காவப் பாத்து நிண்டா அது முதுகுப் பக்கம்தானே வரும்?"

மக்கா மேற்கே இருக்கிறது என்று பிறந்ததிலிருந்து தெரியும். ஒருவன் மக்காவையும் தாண்டி அந்தப் பக்கம் போய் நிற்கலாம் என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருடைய புத்தியிலும் ஏறவில்லை. அவ்வளவு படித்த ஷம்ராவுக்கும்தான்.

ஹபீஸ் இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. "ஷம்ரா" என்றான். "நீயும் அப்பிடி நினைச்சியா?"

இல்லை என்று சொல்லிவிடு என்று நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். ஒரு சின்னப் பொய். அவன் நம்பியிருப்பான். நம்பத்தான் காத்துக்கொண்டிருந்தான் பையன்.

"ஓம்" என்றாள் ஷம்ரா. "நானும் நினைச்சேன்."

அவன் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, தோள் அசைந்தது. லொறிக்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டு, தூங்குகிற நேரத்தில் ஏரி தேடி அலைந்தவன் அவன். அவனுக்கு நாங்கள் கொடுத்த கூலி இது.

"மன்னிச்சுக்கங்க எண்டு போன்ல சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு" என்றாள் ஷம்ரா. "வந்து உங்க முகத்தப் பாத்து மாப்புக் கேக்கணும். டிக்கெட் போடுங்க."

"தண்ணி இல்லாத ஊரு எண்டு பயந்தியே?"

"அந்தப் பயம் இப்ப இல்ல. இங்க இருந்தா நானும் இப்பிடியே ஆகிருவேன் எண்டு பயமா இருக்கு."

அவன் திரும்பிப் பார்த்தான். கண் சிவந்திருந்தது. "அடுத்த கிழமைக்கே போடுறேன்" என்றான். எங்களுக்கும் சேர்த்துச் சலாம் சொல்லிவிட்டு வைத்தான். ஷம்ரா எங்களைப் பார்க்காமல் அறைக்குள் போனாள். அலமாரிக்கு மேலிருந்து பெட்டியை இழுத்து இறக்குகிற சத்தம் கேட்டது.

நான் இவரைக் கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்று திரும்பினேன். வாயில் வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. அந்தத் தோணிக்காரர் காட்டிய வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று முதலில் கேட்டேன்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணிக்கொண்டு வந்தது.

"போய்த் தட்டி, வேற எவனாவது வந்து கதவத் தொறந்திருந்தா?" என்றார். "அவன் பொய்யனா இருந்திருந்தா நம்ம புள்ள இங்கயே இருந்திருப்பா, ஜெனீரா."

அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை. அந்தத் தெருவில் நான் மட்டும் தனியாக நடந்து போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். நானும்தான் போகவில்லை.