சாட்டையைக் கேட்டு வந்தவர்கள்

நாய் கேட்டு வருகிறவர்கள் யாரையும் நான் நம்புவதில்லை. சிரித்துக்கொண்டு வந்தால் சுத்தமாக நம்புவதில்லை.

வேட்டைக்காரர்கள் ஓடவிட்டு, கால் போனதும் ரோட்டோரம் தள்ளிவிடும் நாய்களை எங்கள் கால்நடை டாக்டரம்மா எடுத்து வந்து தேற்றுகிறார். பிறகு வீடு பார்த்துக் கொடுக்கிறார். கூண்டு கழுவுவதும் வேலி கட்டுவதும் என் வேலை. வருகிறவர்களை முறைப்பது நானாக எடுத்துக்கொண்டது. தள்ளிவிட்டவனே நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பிள்ளைகள் விளையாட வேண்டும் என்று வந்து நிற்பான். கொடுத்தால் ஆறின கால் மறுபடி காட்டுக்குப் போகும். இரண்டாவது தடவை ஒடிந்தால் அது பிழைக்காது.

அன்று வந்த மீசைக்காரரையும் அப்படித்தான் பார்த்தேன். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். கூட அவர் மனைவி, ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவர் தோளுக்குக்கூட வரமாட்டார். நேராகச் சாட்டை என்கிற நாயைத்தான் கேட்டார்கள்.

சாட்டை வற்றலான உடம்புக்காரி. இரண்டு வீட்டுக்குப் போய், இரண்டிலும் சுவர் ஏறிக் குதித்துத் திரும்பி வந்துவிட்டாள். வந்ததிலிருந்து சோற்றை மோந்துகூடப் பார்ப்பதில்லை. இப்படியே கிடந்தால் நம் கையிலேயே போய்விடுவாள் என்று டாக்டரம்மா காலையில்தான் சொல்லியிருந்தார்.

"இதுக்கு முன்னாடி நாய் வளர்த்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. இதான் மொத தடவ," என்றார் நர்ஸம்மா.

மீசைக்காரர் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு, சாட்டையைக் கட்டியிருந்த வாரை நீட்டினேன். அவர் பாம்பை வாங்குகிற மாதிரி வாங்கினார். "இங்க குடுங்க," என்று நர்ஸம்மா பிடுங்கினார். கழுத்துப்பட்டையில் நான் மாட்டியிருந்த கொக்கியைக் கழற்றினார். வாரை வளையத்துக்குள் சும்மா நுழைத்து, இரண்டு நுனியையும் ஒரே கைக்குள் மடக்கிப் பிடித்தார். யோசிக்கவே இல்லை. கை தானாகச் செய்தது.

அது வேட்டைப் பிடி. முயல் எழுந்ததும் ஒரு நுனியை விட்டால் போதும், வார் உருவிக்கொள்ளும், நாய் பறந்துவிடும். வீட்டில் வளர்க்கிறவர்களுக்கு அந்தப் பிடி எதற்கு? இவ்வளவு நேரம் தப்பான ஆளை முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டரம்மாவிடம் அங்கேயே சொன்னேன். அவர் நர்ஸம்மாவைப் பார்த்தார்.

"எங்கப்பா வேட்டைக்குப் போவாரு," என்றார் நர்ஸம்மா. குரல் இறங்கிவிட்டது. "நாயப் பிடிச்சிருந்து விடுறது என் வேல. கல்யாணமாகி வந்தப்புறம் நாய் சகவாசமே இல்ல."

"அப்ப ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

"வேற ஒரு எடத்துல நாய் கேட்டப்ப உண்மையச் சொன்னேன். கேட்டுக்கு வெளிய அனுப்பிட்டாங்க."

மீசைக்காரர் தொண்டையைச் செருமினார். "இவ பொய் சொல்றப்ப நான் வாயத் தெறக்கக் கூடாதுன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தா. நான் தெறக்கல பாருங்க."

ஒரு பொய் சொன்னவர் இன்னொன்றும் சொல்லுவார் என்றேன். டாக்டரம்மா வலை கட்டிய பின்முற்றத்தில் விட்டுப் பார்க்கச் சொன்னார்.

நர்ஸம்மா ஒரு நுனியை விட்டார். சாட்டை போனதைக் கண் பிடிக்கவில்லை. புழுதிதான் சுற்றி வந்தது.

"இப்பக் கூப்பிடுங்க பாப்போம்."

"கூப்பிட மாட்டேண்ணே. ஓடுற வேகத்துல அதுக்குக் காது கேக்காது. பின்னால தொரத்தினா சுவரத்தான் பாக்கும்." சொல்லிவிட்டு, ஓடுகிற நாய்க்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னையும் இப்படித்தான். கூப்பிடவே மாட்டா," என்றார் மீசைக்காரர்.

கொஞ்ச நேரத்தில் புழுதி அடங்கியது. சாட்டை நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நர்ஸம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் திரும்பாமலே ஒரு ரொட்டித் துண்டை நீட்டினார். அவள் தின்றாள்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "என்னண்ணே, குடுத்துடலாமா?"

"அதாம்மா பயமாயிருக்கு. இவ்வளவு தெரிஞ்சவங்க சும்மாவா கேக்குறாங்க?"

"தெரியாதவங்ககிட்டதான் ரெண்டு தடவ குடுத்துட்டோமே."

சாட்டையை அவர்களிடம் கொடுத்தோம். ஆனால் ஒன்று சொன்னேன், அவர்கள் முகத்துக்கு நேராகவே. சொல்லாமல் வருவேன், எப்போது வேண்டுமானாலும் வருவேன்.

"வாங்க," என்றார் நர்ஸம்மா. அது எனக்கு அழைக்கிற மாதிரியும் இருந்தது, சவால் மாதிரியும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வேட்டைக்குப் போகிறவர்கள் போகிற நேரம் அதுதான். வீடு பூட்டியிருந்தது. காரைக் காணோம். என்னை நானே திட்டிக்கொண்டேன். டாக்டரம்மாவையும் மனசுக்குள் ரெண்டு வார்த்தை சொன்னேன். எதிர்ச் சுவரில் சாய்ந்து, காலை மாற்றி மாற்றி ஊன்றி நின்றேன். முதுகு விட்டுப்போகிற நேரத்தில் கார் வந்தது.

பின்சீட்டில் சாட்டை, வயிறு வரை சேறு. மீசைக்காரருக்கு முட்டியில் பேண்ட் கிழிந்திருந்தது. நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. சாட்டையின் வாயைத் திறந்து மோந்து பார்த்தேன். பல்லிடுக்கில் புல் இருந்தது. ரத்த வாடை இல்லை. ரோமம் இல்லை.

"என் வாயையும் பாக்குறீங்களா?" என்றார் மீசைக்காரர். "கூடவே ஓடி விழுந்தது நாந்தான்."

"டிக்கியத் தெறங்க."

திறந்தார். தண்ணீர்க் கேன், நீளக் கயிறு, ஒரு துண்டு. வேறொன்றும் இல்லை.

நர்ஸம்மாவுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

"பின்சீட்டுக்கு அடியிலயும் பாத்துருங்கண்ணே," என்றார். "எங்கப்பா புடிச்ச முயல அங்கதான் ஒளிச்சு வைப்பாரு."

நான் குனிந்து கையை விட்டுத் துழாவினேன். சேறுதான் கையில் ஒட்டியது.

"அடுத்த ஞாயிறும் வருவேன்," என்றேன்.

"சும்மா நிக்க வேணாம், கூடவே வந்து ஓடுங்க. இவருக்கு மூச்சு வாங்குது."

நர்ஸம்மா பூட்டைத் திறந்தார். சாட்டை எங்கள் மூவரையும் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் தட்டை நக்குகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.