போதுமான அளவு குனியாதவள்

1995 ஆகஸ்டில், சுவிற்சர்லாந்தின் ஓஸ்டர்முண்டிகனில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு வயலின் வாசிக்க ஜப்பானிய மாணவி ஒருத்தி வந்தாள். பேர்னில் இசை படிப்பவள், பெயர் யோஷிமி.

அவள் கூடத்துக்குள் நுழைந்ததும் முன்வரிசையிலிருந்த வில்லெமினா எழுந்தார். கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு இடுப்பிலிருந்து குனிந்தார். அவருக்கு எழுபத்திரண்டு வயது. ஒல்லாந்துக்காரி, சுவிஸ்காரரை மணந்து இங்கே வந்தவர். மரியாதை செய்கிறார் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். யோஷிமியும் பதிலுக்குக் குனிந்தாள்.

வில்லெமினா நிமிரவில்லை.

அவருடைய பாவாடை நனைவதை முதலில் கண்டவள் அங்கே பராமரிப்பு வேலை செய்த சிவமலர். யாழ்ப்பாணத்தில் இராணுவச் சுற்றிவளைப்புகளின்போது கோயில் முற்றத்தில் வரிசையில் நின்றவள் அவள். இது மரியாதையில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருவருக்கும் நடுவே போய் நின்று, வில்லெமினாவின் தோளைப் பிடித்து நிமிர்த்தி, அறைக்குக் கூட்டிப்போனாள்.

உடை மாற்றும்போது வில்லெமினா தானாகவே சொன்னார். ஜாவாவில் அவருடைய தகப்பன் தேயிலைத் தோட்டம் வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை வந்ததும் தாயையும் மகளையும் பெண்கள் முகாமில் அடைத்தார்கள். காவலர்கள் வரும்போதெல்லாம் குனிய வேண்டும். 1944இல் ஒருநாள், காய்ச்சலில் இருந்த தாய் போதுமான அளவு குனியவில்லை. வெயிலில் நிறுத்திவைத்தார்கள். மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார்.

"நான் பக்கத்திலேயே குனிந்து நின்றேன். அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை."

கதவைத் தட்டிக்கொண்டு யோஷிமி வந்தாள்.

"நான் ஏதாவது பிழை செய்துவிட்டேனா?"

வில்லெமினா சிவமலரின் கையைப் பிடித்து எழுந்து நேராக நின்றார். யோஷிமியின் முகத்தைப் பார்த்தார்.

"உனக்கு என்ன வயது?"

"இருபத்தொன்று."

"ஜப்பானிய முகாமில் இருந்தபோது எனக்கும் அதே வயதுதான். நீ ஒரு பிழையும் செய்யவில்லை. ஆனால் நான் கூடத்துக்கு வரமாட்டேன்."

யோஷிமி வழக்கம்போலக் குனியப்போனாள். பாதியில் நிறுத்தி, தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனாள்.

பின்னேரம் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பாலேந்திரன் கேட்டார்.

"என்ன பிள்ளை, அந்த மனுசிக்குச் சுகமில்லையோ?"

சிவமலர் நடந்ததைச் சொன்னாள்.

"ஐம்பது வருசமாச்சு. இன்னும் பயமோ?"

"ஓம் அண்ணை. அந்தப் பெட்டையைக் கண்டவுடனை உடம்பு தானாக் குனிஞ்சுட்டுது."

பாலேந்திரன் குழாயைப் பூட்டினார். "அப்ப, அவங்களை மன்னிச்சிட்டாவோ?"

"அதை அவ சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை."

யோஷிமி அந்த வருடம் மேலும் இரண்டு தடவை வாசிக்க வந்தாள். வில்லெமினா இரண்டு தடவையும் அறையிலேயே இருந்தார்.